ஸ்குவிட் ப்ராக்ஸி வழியாக ஒரு 700 எம்பி கோப்பு

எங்கள் பயிற்சிக்கூடத்துக் கணினிகள் அனைத்திலும் டெபியன் லினக்ஸ்தான். ஒவ்வொரு கணினியும் தனக்கு வேண்டிய மென்பொருள் தொகுப்பை நேராக இணையத்திலிருந்து இறக்கினால் இணைப்பு தாங்காது. அதனால் நடுவில், ஒருவருக்காக இறக்கிய கோப்பைச் சேமித்து அடுத்தவருக்கும் கொடுக்கும் ஸ்குவிட் ப்ராக்ஸி ஒன்று இருக்கிறது: 4 ஜிபி ரேம், ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க், டெபியன் 12, அதோடு வரும் ஸ்குவிட் 5.7. டெபியன் தொகுப்புகளைச் சரிபார்க்கும் பட்டியல் கையொப்பமிடப்பட்டது என்பதால் அவற்றை வெறும் எச்டிடிபியிலேயே இறக்கலாம். ஆகவே ப்ராக்ஸியால் அவற்றைச் சேமித்து வைக்க முடிகிறது. எச்டிடிபிஎஸ் போக்குவரத்து மூடிய குழாய் மாதிரி ப்ராக்ஸியைக் கடந்து போய்விடும், அதில் சேமிக்க எதுவும் இல்லை. இந்தப் பதிவில் சொல்வதெல்லாம் எச்டிடிபியில் வரும் பெரிய கோப்புகளைப் பற்றியே.

வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பெரிய தொகுப்புகளை நிறுவத் தொடங்கினால் ப்ராக்ஸி திணறிவிடும். பெரிய கோப்பு மெதுவாக வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரத்தில் 10 கேபி கோப்பைக் கேட்டவருக்கும் பதில் வராமல் போனதுதான் என்னை உட்கார்ந்து பார்க்க வைத்தது.

திணறும் நேரத்தில் விஎம்ஸ்டாட் கட்டளையை ஓடவிட்டேன். ஸ்வாப்புக்குள் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) போவதையும் அங்கிருந்து வருவதையும் காட்டும் இரண்டு நெடுவரிசைகளும் விநாடிக்கு விநாடி ஏறிக்கொண்டிருந்தன. அதாவது ரேம் தீர்ந்து, ஸ்குவிட்டின் நினைவகத்தில் ஒரு பகுதி டிஸ்க்குக்குத் தள்ளப்பட்டிருந்தது. மற்ற பல நிரல்களுக்கு இது தாமதம், அவ்வளவுதான். ஸ்குவிட்டுக்கோ ஆபத்து. அது எல்லா இணைப்புகளையும் ஒரே புராசஸில், ஒரே சுழற்சியில் கவனிக்கிறது. யாரோ ஒருவருக்கான 4 கேபியை ஸ்வாப்பிலிருந்து எடுத்துவர அது காத்திருக்கும்போது மற்ற எல்லோருக்குமான வேலையும் அப்படியே நின்றுவிடுகிறது. 10 கேபி கேட்டவர் காத்திருந்ததற்குக் காரணம் இதுதான்.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன். கோப்புகளை ரேமில் வைக்க ஒதுக்கும் ‘கேஷ்_மெம்’ 3 ஜிபி. ரேமில் வைக்கும் தனிக் கோப்பின் உச்ச அளவான ‘மேக்சிமம்_ஆப்ஜெக்ட்_சைஸ்_இன்_மெமரி’ 1 ஜிபி. டிஸ்க் சேமிப்புக்கான ‘கேஷ்_டைர்’ வரியே இல்லை. ரேமில் இருந்தால் வேகம், எனவே இருக்கிற ரேம் எல்லாவற்றையும் ப்ராக்ஸிக்குக் கொடுத்துவிடலாம் என்று முன்பு யாரோ எழுதி வைத்தது. இந்தக் கருத்து பரவலாக இருக்கிறது. அது ஏன் தவறு என்பதை எண்ணிப் பார்த்தே தெரிந்துகொள்ள விரும்பினேன்.

சோதனைக்கு வேறொரு கணினியில் மூல சர்வராக என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வரை நிறுவி, டிடி கட்டளையால் 700 எம்பி அளவில் ஒரு கோப்பைச் செய்து வைத்தேன். செய்த கையோடு அந்தக் கோப்பின் தேதியை டச் கட்டளையால் ஒரு மாதம் பின்னுக்குத் தள்ளினேன். இதைச் செய்யாவிட்டால் சோதனையே குழம்பிவிடும். காலாவதி நேரம் குறிப்பிடப்படாத கோப்பு எவ்வளவு காலம் புதிதாகக் கருதப்படும் என்பதை, அது கடைசியாக மாற்றப்பட்டதிலிருந்து கழிந்த காலத்தில் 20 சதவீதம் என்றே ஸ்குவிட்டின் வழக்கமான விதி கணக்கிடுகிறது. அதிகபட்சம் 4,320 நிமிடங்கள், அதாவது மூன்று நாள். இப்போதுதான் செய்த கோப்பு என்றால் அந்த 20 சதவீதம் ஓரிரு நிமிடங்களில் கரைந்துவிடும். பிறகு ஒவ்வொரு கோரிக்கைக்கும் மூல சர்வரிடம் போய்ச் சரிபார்க்கும். பதிவேட்டில் எது ரேமிலிருந்து வந்தது, எது வரவில்லை என்று பிரித்துப் பார்க்க முடியாது.

முதலில் எல்லாவற்றையும் ஸ்குவிட்டின் இயல்பான மதிப்புகளுக்குத் திருப்பினேன். ‘கேஷ்_மெம்’ 256 எம்பி, ரேமில் வைக்கும் தனிக் கோப்பின் உச்ச அளவு 512 கேபி, டிஸ்க் சேமிப்பு இல்லை. மாணவர் கணினி ஒன்றிலிருந்து கர்ல் கட்டளையால், விநாடிக்கு 1 எம்பி என்று வேகத்தைக் கட்டுப்படுத்தி, 700 எம்பி கோப்பைக் கேட்டேன். ப்ராக்ஸியில் டாப் கட்டளை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்குவிட் பிடித்திருந்த ரேமின் அளவு ஏறக்குறைய அசையவே இல்லை. கோப்பு முழுவதும் வந்து சேர்ந்தது. பதிவேட்டில் டிசிபி_மிஸ், அதாவது சேமிப்பில் இல்லாததால் மூல சர்வரிலிருந்து வந்தது. மீண்டும் கேட்டேன், மீண்டும் டிசிபி_மிஸ்.

700 எம்பி கோப்பு எப்படி ரேமைத் தொடாமலே கடந்துபோகிறது? ஸ்குவிட் வரும் தரவை 4 கேபி பக்கங்களாக வெட்டி வைத்துக்கொள்கிறது. 700 எம்பி என்றால் 1,79,200 பக்கங்கள். ஆனால் அத்தனையும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. கேட்டவருக்கு அனுப்பி முடித்த பக்கங்களை முன்பக்கத்திலிருந்து கழித்துக்கொண்டே வருகிறது. பின்பக்கத்தில் புதிய பக்கங்கள் சேர்கின்றன. எந்த நேரத்திலும் ரேமில் இருப்பது கோப்பின் ஒரு சிறு துண்டு மட்டும். அந்தத் துண்டின் நீளத்தைத் தீர்மானிப்பது ‘ரீட்_அஹெட்_கேப்’ என்ற அமைப்பு. இயல்பு மதிப்பு 16 கேபி. கேட்பவர் இருக்கும் இடத்திலிருந்து இந்த அளவுக்கு மேல் முன்னால் ஓடி மூல சர்வரிடமிருந்து ஸ்குவிட் வாசிக்காது.

எஸ்எஸ் கட்டளையால் இணைப்புகளைப் பார்த்தபோது இது கண்முன் தெரிந்தது. ப்ராக்ஸியில் இரண்டு இணைப்புகள். மாணவர் கணினியை நோக்கிய இணைப்பில் அனுப்பும் வரிசை நிரம்பி நின்றது. மூல சர்வரை நோக்கிய இணைப்பில் பெறும் வரிசை நிரம்பி நின்றது: தரவு வந்து இயங்குதளத்தின் மையமான கெர்னலில் காத்திருக்கிறது, ஸ்குவிட் எடுக்கவில்லை. மூல சர்வருக்குப் போய்ப் பார்த்தால் அங்கே அனுப்பும் வரிசை நிரம்பியிருந்தது. கடைமடையில் எவ்வளவு நீர் இறங்குகிறதோ அவ்வளவுதான் தலைமதகிலும் திறக்கிறது. தொடக்கத்தில் மட்டும், கெர்னலின் சாக்கெட் இடையகங்கள் நிரம்பும் வரை, சில எம்பி வேகமாகப் பாய்ந்து வருவதுபோல் தோன்றும்; பிறகு கேட்பவரின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். மிக நேர்த்தியான ஏற்பாடு இது. பத்துப் பேர் பத்துப் பெரிய கோப்புகளை இறக்கினாலும் ஸ்குவிட்டின் ரேம் சில எம்பிக்கு மேல் ஏறாது.

இதற்கு ஒரு விலை உண்டு. முன்பக்கம் கழிக்கப்பட்ட கோப்பை இரண்டாவதாக வருபவருக்குக் கொடுக்க முடியாது, தொடக்கமே கையில் இல்லையே. ஆகவே ஒருவர் பாதி இறக்கிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே கோப்பைக் கேட்டால் ஸ்குவிட் மூல சர்வருக்கு இன்னொரு இணைப்பைப் போடும். நாற்பது பேர் கேட்டால் நாற்பது இணைப்புகள். ப்ராக்ஸி இருந்தும் பயனில்லை.

அடுத்து, பழைய அமைப்புக்கே திரும்பினேன்: ‘கேஷ்_மெம்’ 3 ஜிபி, தனிக் கோப்புக்கு 1 ஜிபி. ப்ராக்ஸியை மீண்டும் தொடங்கி அதே கோப்பைக் கேட்டேன். இப்போது டாப் காட்டிய எண், கோப்பு இறங்க இறங்க அதனுடனே ஏறியது. ஸ்குவிட்கிளையன்ட் கட்டளையால் நினைவக அறிக்கையை எடுத்தால் ‘மெம்_நோட்’ என்ற வரியில் பயன்பாட்டில் உள்ள பக்கங்களின் எண்ணிக்கை 1,79,200 அளவுக்குப் போய் நின்றது. ஒவ்வொரு பக்கமும் 4,096 பைட்டைவிடச் சற்று அதிகம் பிடிக்கிறது, மேலாண்மைக் குறிப்புகள் சேர்வதால். இரண்டாம் முறை கேட்டபோது டிசிபி_மெம்_ஹிட், அதாவது ரேமிலிருந்தே வந்தது. கோப்பு உடனே கொட்டியது. அமைப்பை எழுதியவர் எதிர்பார்த்தது இதைத்தான், அது கிடைக்கவும் செய்தது.

சிக்கல் நான்கைந்து பெரிய கோப்புகள் ஒரே நேரத்தில் வரும்போது தொடங்குகிறது. ‘கேஷ்_மெம்’ என்பதை ஸ்குவிட் எடுத்துக்கொள்ளும் மொத்த ரேமின் வரம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி அல்ல. வந்துகொண்டிருக்கும் கோப்புகள், அடிக்கடி கேட்கப்படுவதால் தக்கவைத்த கோப்புகள், ‘கிடைக்கவில்லை’ என்பது போன்ற தோல்விப் பதில்கள் ஆகிய மூன்றின் தரவுக்கு மட்டுமான குறியிலக்கு அது. அதிலும் வந்துகொண்டிருக்கும் கோப்புகளுக்கே முன்னுரிமை. அவற்றுக்கு இடம் போதாவிட்டால் தக்கவைத்தவை வெளியே போகும். அப்போதும் போதாவிட்டால் ஸ்குவிட் இந்த வரம்பைத் தாண்டிப்போகும். இதற்கு வெளியே அட்டவணைகள், இணைப்புகளுக்கான இடம், டிஎன்எஸ் குறிப்புகள் எல்லாம் தனி. 4 ஜிபி கணினியில் 3 ஜிபியை இந்த ஒன்றுக்கே எழுதிவிட்டால் மிச்சத்துக்கு ஸ்வாப்தான் கதி.

இன்னொன்றும் நடக்கிறது, இது எனக்குக் கூடுதல் வருத்தம் தந்தது. வெளியேற்றும் முறை இயல்பாக எல்ஆர்யு, அதாவது நெடுநேரம் தொடப்படாதது முதலில் வெளியேறும். 700 எம்பி கோப்பு ஒன்று உள்ளே வந்தால் அதற்கு இடம்விட எத்தனை சிறு கோப்புகள் போக வேண்டும்? ஸ்குவிட்டின் வழிகாட்டிக் கணக்குகள் சராசரிக் கோப்பு அளவை 13 கேபி என்று வைத்துக்கொள்கின்றன. அதன்படி ஏறத்தாழ 55,000 கோப்புகள். அடுத்த ஆறு மாதத்துக்கு யாரும் கேட்காத ஒரு நிறுவல் கோப்புக்காக, நாள் முழுவதும் கேட்கப்படும் தொகுப்புப் பட்டியல்கள் எல்லாம் வெளியே போகின்றன.

மூன்றாவதாக ஒன்றைச் சோதித்தேன்; இதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. முழுக் கோப்பும் ரேமில் இருக்கலாம் என்ற அமைப்பிலேயே, ஒரு கணினியை விநாடிக்கு 200 கேபி என்று கட்டுப்படுத்தி இறக்கத் தொடங்கினேன். சற்று நேரம் கழித்து, கட்டுப்பாடே இல்லாத இன்னொரு கணினியிலிருந்து அதே கோப்பைக் கேட்டேன். தொடக்கம் ரேமில் இருந்ததால் இரண்டாவது கணினியும் அதே இறக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அதுவரை வந்திருந்த பகுதியை ஒரே மூச்சில் வாங்கியது. பிறகு அதுவும் 200 கேபி வேகத்துக்கு இறங்கிவிட்டது! எவ்வளவு முன்னால் வாசிக்கலாம் என்பதை ரேமிலிருந்து வாசிப்பவர்களில் மிகப் பின்தங்கியவரை வைத்தே ஸ்குவிட் கணக்கிடுகிறது. மோசமான வைஃபையில் ஒரு மடிக்கணினி இருந்தால் போதும், அதோடு ஒட்டிய எல்லோரும் அதன் வேகத்தில்தான் நகர்வார்கள்.

டிஸ்க் சேமிப்பு இருந்தால் இதில் பாதி சரியாகிறது. கோப்பு டிஸ்க்கில் எழுதப்படத் தொடங்கிய பிறகு வரும் இரண்டாமவரை ஸ்குவிட் ரேமிலிருந்து வாசிக்க வைப்பதில்லை, டிஸ்க்கிலிருந்து வாசிப்பவராகச் சேர்த்துக்கொள்கிறது. அவர் மெதுவாக இருந்தாலும் முதல் ஆளுக்குத் தடையில்லை. முதல் ஆளே மெதுவானவர் என்றால் மட்டும் எல்லோரும் காத்திருக்க வேண்டும். கோப்பு அவர் வேகத்தில்தான் மூல சர்வரிலிருந்து வருகிறது.

ஆகவே டிஸ்க்கைத் திறந்துவிட்டேன். ‘மேக்சிமம்_ஆப்ஜெக்ட்_சைஸ்’ 2 ஜிபி, அதற்குக் கீழே ‘கேஷ்_டைர்’ வரி: வகை ஏயுஎஃப்எஸ், அளவு 40 ஜிபி. இந்த வரிசை முக்கியம். உச்ச அளவு வரி ‘கேஷ்_டைர்’ வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே எழுதினால், ‘கேஷ்_டைர்’ வரியைப் படிக்கும் நேரத்தில் இயல்பு மதிப்பான 4 எம்பியே நடப்பில் இருக்கும். பெரிய கோப்பு ஒன்றுகூட டிஸ்க்குக்குப் போகாது, பிழைச் செய்தியும் வராது. யூஎஃப்எஸ் வகையை விட்டு ஏயுஎஃப்எஸ் எடுத்ததற்குக் காரணம், அது டிஸ்க் வேலைகளைத் தனி இழைகளிடம் ஒப்படைக்கிறது. ஒரே சுழற்சியில் ஓடும் முதன்மை வேலை டிஸ்க்குக்காக நிற்பதில்லை. ரேமில் வைக்கும் தனிக் கோப்பின் அளவைப் பழையபடி 512 கேபிக்கும், ‘கேஷ்_மெம்’ அளவை 512 எம்பிக்கும் இறக்கினேன்.

டிஸ்க் சேமிப்பும் ரேம் கேட்கும் என்பதை மறக்கக் கூடாது. டிஸ்க்கில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ரேமில் ஓர் அட்டவணைக் குறிப்பு உண்டு. 64 பிட் கணினியில் ஒரு ஜிபி டிஸ்க்குக்கு 14 எம்பி ரேம் என்பது ஸ்குவிட் உலகில் சொல்லப்படும் கணக்கு. 40 ஜிபிக்கு 560 எம்பி ஆகிறது. ஆனால் அந்தக் கணக்கும் 13 கேபி சராசரியை நம்பியது. எங்கள் டிஸ்க்கில் பெரும் இடத்தைப் பிடிப்பது பெரிய தொகுப்புகள். 700 எம்பி கோப்புக்கும் 7 கேபி கோப்புக்கும் அட்டவணையில் ஒரே ஒரு குறிப்புதான். எனவே உண்மையில் அதைவிட நன்றாகக் குறைவாகவே ஆகும். 560 எம்பியை உச்சமாக வைத்துக் கணக்கிட்டாலும் 4 ஜிபியில் பாதிக்கு மேல் கெர்னலுக்கு மிஞ்சுகிறது.

அந்த மிச்சம்தான் இந்த வேலையின் உயிர்நாடி. கோப்பை முதல் முறை கேட்டேன்: டிசிபி_மிஸ், டிஸ்க்கில் எழுதப்பட்டது. இரண்டாம் முறை: டிசிபி_ஹிட், அதாவது ஸ்குவிட்டைப் பொறுத்தவரை டிஸ்க்கிலிருந்து வந்தது. ஆனால் விஎம்ஸ்டாட்டில் டிஸ்க்கிலிருந்து வாசிப்பதைக் காட்டும் ‘பிஐ’ நெடுவரிசை சுழியத்திலேயே நின்றது. டிஸ்க் விளக்கு ஒளிரவே இல்லை. ஃப்ரீ கட்டளையின் ‘பஃப்/கேஷ்’ எண் மட்டும் ஏறத்தாழ 700 எம்பி கூடியிருந்தது. ஸ்குவிட் டிஸ்க்கில் எழுதியபோதே லினக்ஸ் கெர்னல் அந்தப் பக்கங்களை ரேமில் வைத்துக்கொண்டது; ஸ்குவிட் திரும்பக் கேட்டபோது அங்கிருந்தே கொடுத்தது. உறுதிசெய்துகொள்ள, கெர்னலின் இந்தச் சேமிப்பைக் காலிசெய்துவிட்டு மீண்டும் கேட்டேன். இப்போது ‘பிஐ’ குபீரென்று எழுந்தது, விளக்கு எரிந்தது, கோப்பு ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தில் வந்தது. அதற்கடுத்த முறை மீண்டும் சுழியம்.

பெரிய கோப்பு இரண்டு ஏற்பாட்டிலும் ரேமில்தான் இருக்கிறது. வேறுபாடு, அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்பது. ஸ்குவிட்டின் கணக்கில் இருந்தால், ரேம் நெருக்கடி வரும்போது கெர்னலால் அதைத் தூக்கிப் போட முடியாது. ஸ்வாப்பில் எழுதியாக வேண்டும், எழுதினால் ப்ராக்ஸி நிற்கும். கெர்னலின் கணக்கில் இருந்தால், அதே பக்கங்களின் படி ஏற்கெனவே டிஸ்க்கில் கோப்பாக இருப்பதால், எழுதாமலே அந்த நொடியில் விட்டுவிடலாம். சிறு கோப்புகளை ஸ்குவிட் வைத்துக்கொள்ளட்டும். பெரியவற்றைக் கெர்னலிடம் விட்டுவிட வேண்டும். இதில் எனக்கு ஐயமே இல்லை. என்ஜின்எக்ஸ் தன் ப்ராக்ஸி சேமிப்பில் இந்த வழியைத்தான் அடிப்படையாகவே வைத்திருக்கிறது: ரேமில் கோப்புகளை அடையாளம் காட்டும் திறவுகள் மட்டும், ஒரு எம்பிக்கு ஏறத்தாழ 8,000, உள்ளடக்கம் முழுவதும் டிஸ்க்கில்.

ஸ்குவிட்டுக்கு ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிட வேண்டும். டிஸ்க்கிலிருந்து கொடுக்கும்போதும் அது சிறுசிறு துண்டுகளாகவே தன் நினைவகத்துக்குள் இழுத்து, பிறகு சாக்கெட்டுக்குத் தள்ளுகிறது. 700 எம்பிக்கு இந்தச் சுற்று எத்தனை முறை நடக்கும் என்று பாருங்கள். கோப்பு வேகமாகப் போகும்போது புராசஸர் பயன்பாடு ஏறுவது இதனால்தான். என்ஜின்எக்ஸ் சென்ட்ஃபைல் என்ற கெர்னல் வசதி வழியாகக் கெர்னலுக்குள்ளேயே வேலையை முடிப்பதால் இதில் அதற்கு ஈடில்லை. ஸ்குவிட் 2 காலத்தில் நிலைமை இன்னும் கடினம்: ரேமில் உள்ள பக்கங்கள் ஒரு நேர்ச் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன, ஒவ்வொரு துண்டையும் கொடுக்கச் சங்கிலியின் தலையிலிருந்து நடந்து போக வேண்டும். கோப்பின் கடைசிப் பகுதிக்கு வரும்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நெடும்பயணம். ஸ்குவிட் 3இல் அதை, வேண்டிய பக்கத்தை விரைவாகத் தேடி எடுக்க உதவும் ஸ்ப்ளே மரமாக மாற்றியபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. பழைய குறிப்புகளில் ‘ரேமில் வைக்கும் கோப்பின் அளவைக் கூட்டாதே, புராசஸர் எரிந்துவிடும்’ என்று படித்திருப்பவர்களுக்கு அதன் காரணம் இது.

நாற்பது பேரும் ஒரே விநாடியில் கேட்பதற்கு ‘கொலாப்ஸ்டு_ஃபார்வர்டிங்’ அமைப்பை இயக்கினேன். முதல் கோரிக்கைக்குப் பதிலின் தலைப்பு வருமுன்பே அடுத்தவை வந்தால், அவற்றையும் அதே இறக்கத்தோடு சேர்த்துவிடும். இது இயல்பாக அணைந்திருக்கிறது.

கடைசியாக, பாதியில் நிற்கும் இறக்கங்கள். மாணவர் ஒருவர் நடுவில் நிறுத்திவிட்டால் ஸ்குவிட் என்ன செய்யும்? ‘குவிக்_அபார்ட்’ அமைப்புகளின் இயல்பு மதிப்புப்படி, மிச்சம் 16 கேபிக்குள் இருந்தால் மட்டும் தொடர்ந்து இறக்கி முடிக்கும். 600 எம்பியில் நிறுத்தினால் வந்தது அத்தனையும் வீண். அதே மாணவர் திரும்ப வந்து தொடங்கினால் டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட், விட்ட இடத்திலிருந்து கேட்கும். அப்படிக் கேட்கும் பகுதிப் பதில்களை ஸ்குவிட் சேமிப்பதே இல்லை. அதற்கு ‘ரேஞ்ச்_ஆஃப்செட்_லிமிட்’ அமைப்பை வரம்பில்லை என்று வைக்கலாம். அப்போது பகுதியைக் கேட்டாலும் ஸ்குவிட் கோப்பை முதலிலிருந்து முழுவதும் இறக்கும். கேட்டவர் நடுவில் போய்விட்டாலும் ‘குவிக்_அபார்ட்’ விதியை மீறி இறக்கி முடிக்கும். ஆனால் 600 எம்பிக்குப் பிறகுள்ள பகுதியைக் கேட்டவர், முன்னுள்ள 600 எம்பி வந்து முடியும் வரை ஒரு பைட்கூடப் பெறாமல் காத்திருக்க வேண்டும்; சில நிரல்கள் அதற்குள் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்துவிடும். இந்த அமைப்போடு அணுகல் விதியையும் சேர்த்து எழுத முடிவதால், டெபியன் தொகுப்புக் கோப்புகளுக்கு மட்டும் வரம்பை நீக்கினேன். காணொளி, நிறுவல் வட்டுப் படிமம் போன்ற மற்றவற்றுக்குப் பழைய சுழிய மதிப்பே இருக்கிறது.